மீட்டெடுத்த ஸ்டூவர்ட் டாங்கி: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இலகுரக டாங்கி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள விரும்பும் சேகரிப்பாளர், எந்த டாங்கியை வாங்கலாம் என்று தேடத் தொடங்குவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். அது எங்கே நிற்கும்? அதை யார் ஏற்றி இறக்குவார்கள்? மாதத்துக்கு எத்தனை முறை ஓடும்? இவற்றுள் மூன்றாவது கேள்வியே முதன்மையானது. சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பழைய டாங்கிகள் ஓடித் தேய்வதைவிட, ஓடாமல் நின்று கெடுவதே அதிகம். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் காய்ந்து சுருங்குவதும், பெட்ரோல் பிசினாக மாறுவதும், சக்கரங்களின் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவதும், உடற்பகுதியின் அடித்தளத்தில் மழைநீர் தேங்கி இரும்பை அரிப்பதும் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு நேர்பவை. மாதம் ஒரு நாளாவது ஒதுக்க முடியாதவருக்கு, எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கப்பட்ட டாங்கியும் சில ஆண்டுகளில் மீண்டும் புதுப்பிக்க வேண்டிய டாங்கியாகிவிடும்.

இந்தக் கட்டுரை அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் ஸ்டூவர்ட் டாங்கி வாங்குவதை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பிரிட்டனில் விதிகள் வேறுபடும் சில இடங்களையும் போகிற போக்கில் சுட்டியிருக்கிறேன்.

ஏன் ஸ்டூவர்ட்?

முதல் டாங்கியாக ஸ்டூவர்ட்டையே பரிந்துரைக்கிறேன். எம்3 என்று அமெரிக்கப் படை அழைத்த இந்த இலகுரக டாங்கி, 1941 மார்ச்சில் பென்சில்வேனியாவின் பெர்விக் நகரிலுள்ள தொழிற்சாலையில் உற்பத்திக்கு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி ஜெ.இ.பி. ஸ்டூவர்ட்டின் பெயரை அதற்குச் சூட்டியவர்கள் பிரிட்டிஷார். 1941 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் அதை முதன்முதலில் போருக்கு ஓட்டிச் சென்ற பிரிட்டிஷ் வீரர்கள், அது பழுதின்றி ஓடுவதைக் கண்டு ‘ஹனி’ என்று செல்லமாக அழைத்தார்கள். எம்3, எம்5 ஆகிய இரு வரிசைகளிலும் சேர்த்து 22,000க்கும் மேற்பட்ட டாங்கிகள் செய்யப்பட்டன. ஆகவே உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அமெரிக்கப் படையின் உதிரிபாகப் பட்டியலில் ஸ்டூவர்ட்டுக்கு உரிய எண் ஜி-103. விற்பனையாளர்களிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொன்னால் வீண் குழப்பம் குறையும்.

இன்னொரு காரணம் சாலை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் சிறப்பு அனுமதியின்றிச் செல்லும் வாகனத்தின் அகலம் 2.59 மீட்டரையும், சரக்குடன் சேர்ந்த மொத்த எடை 36.3 டன்னையும் தாண்டக் கூடாது. எம்5 வரிசையின் மேம்பட்ட வடிவமான எம்5ஏ1 சுமார் 15.4 டன் எடையும் 2.3 மீட்டருக்குள் அடங்கும் அகலமும் கொண்டது. ஆகவே சாதாரணத் தாழ்தள டிரெய்லரில், சிறப்பு அனுமதியின்றி, எந்த நாளிலும் கொண்டுபோகலாம். இதற்கு மாறாக, அதே போரின் நடுத்தர அமெரிக்க டாங்கியான ஷெர்மன் தனியாகவே 30 டன்னையும், அந்த அகல வரம்பையும் தாண்டுவதால், ஒவ்வொரு பயணத்துக்கும் தனி அனுமதி பெற வேண்டியிருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் செலவுக்கு அஞ்சிக் கொட்டகையிலேயே கிடக்கும் பெரிய டாங்கியைவிட, வெளியே வரக்கூடிய சிறிய டாங்கியே மேலானது.

எம்3 வரிசையின் எம்3ஏ1, எம்5 வரிசையின் எம்5ஏ1 இரண்டுள் எது என்பதைப் பெரும்பாலும் என்ஜினே தீர்மானிக்கிறது. எம்3 வகைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது காண்டினென்டல் டபிள்யூ-670 என்னும் காற்றால் குளிரும் ரேடியல் என்ஜின். நடு அச்சைச் சுற்றி ஏழு சிலிண்டர்கள் நட்சத்திரம்போல் அமைந்தது. இதே குடும்பத்து என்ஜின் ஸ்டியர்மன் பயிற்சி விமானங்களிலும் இருந்ததால், பழைய விமான என்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கும் பட்டறைகள் இதைப் பார்க்கத் தெரிந்தவை. எம்5ஏ1இல் இரண்டு காடிலாக் வி8 கார் என்ஜின்கள், ஒவ்வொன்றும் 5.7 லிட்டர் கொள்ளளவுடன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராமாட்டிக் தானியங்கி கியர்பெட்டியுடன் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்தளம் மேடுபோல் உயர்ந்திருப்பதற்கும் இந்த இரட்டை என்ஜின்களே காரணம். ஓட்டுவதற்கு எளிது எம்5ஏ1. கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை, ஒரு என்ஜின் பழுதானாலும் மற்றதைக் கொண்டு மெதுவாகக் கொட்டகை சேரலாம். ஆனால் பராமரிப்பில் எல்லாமே இரண்டு என்பதையும், இரண்டு என்ஜின்களின் வேகத்தையும் ஒத்துப்போகும்படி ஆக்ஸிலரேட்டர் இணைப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கார் மெக்கானிக் நண்பர் அருகில் இருந்தால் எம்5ஏ1ஐயும், விமான மெக்கானிக் அருகில் இருந்தால் எம்3ஏ1ஐயும் வாங்கலாம் என்பது என் கணிப்பு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

‘முழுவதும் புதுப்பிக்கப்பட்டது’ என்ற சொற்களுக்கு வண்ணப்பூச்சுக்கு மேல் ஒரு பொருளும் இல்லாமலிருக்கலாம். போர் முடிந்ததும் உபரியான ஸ்டூவர்ட் டாங்கிகள் பல, பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு கழற்றப்பட்டு, பண்ணை டிராக்டர்களாகவும் மண் தள்ளும் இயந்திரங்களாகவும் மாறின. ஆஸ்திரேலியாவில் இப்படிப் பண்ணைக்குப் போனவை ஏராளம். இன்று முழு உருவில் விற்பனைக்கு வரும் ஒரு டாங்கியின் உடற்பகுதி ஓரிடத்தையும், கூண்டு வேறோர் இடத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம். கூண்டு சாதாரண இரும்புத் தகட்டில் புதிதாகச் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டிலும் குற்றமில்லை, விற்பவர் அதை மறைக்காதவரை. ஆகவே உடற்பகுதியில் பொறிக்கப்பட்ட எண்ணையும், உள்ளே உள்ள தகட்டின் எண்ணையும், ஆவணங்களிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போர்க்காலக் கவசத்தின் விளிம்புகளில் வெட்டுத் தடங்களும், வார்ப்புப் பாகங்களில் எழும்பிய எண்களும் இருக்கும். எல்லா இடமும் வழவழவென்று இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

அடுத்ததாக, என்ஜின் அறையின் அடித்தளத்தை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். உடற்பகுதி ஒரு தொட்டி. மேலிருந்து இறங்கும் நீருக்கு வெளியேற வழி இல்லையென்றால் அடித்தகடு உள்ளிருந்து அரிக்கும். வடிகால் அடைப்பான்களைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பின்னர், வண்டி முழுக் குளிர்ச்சியில் இருக்கும்போது நேரில் நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் போய்ச் சேரும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, இரு பக்கமும் திரும்பிப் பார்த்து, நின்ற பிறகு எண்ணெய் எங்கெங்கே சொட்டுகிறது என்று கவனிக்க வேண்டும். ஸ்டூவர்ட்டில் என்ஜின் பின்னால்; இரு பக்கப் பட்டைகளுக்கும் சக்தியைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் முன்னால். முன்பக்கம் எண்ணெய் கசிந்தால், அதைச் சரிசெய்ய முன் கவசத்தைத் திறக்கும் பெரிய வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

உடல்நலம் பற்றி ஒரு சொல். அக்காலத்துப் பிரேக் பட்டைகளிலும் புகைக்குழாய் கேஸ்கட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருந்தது. இருட்டில் ஒளிரும் சில அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் பூசப்பட்டது. அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டவோ ஊதவோ கூடாது. அளவுமானியின் கண்ணாடியைத் திறக்காமல் விடுவதே நல்லது.

பீரங்கியும் சட்டமும்

ஸ்டூவர்ட்டின் முதன்மை ஆயுதம் 37 மி.மீ. பீரங்கி. எம்5ஏ1இல் அதனுடன் மூன்று பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. டாங்கியை வாங்குவதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனி உரிமம் இல்லை. சட்டம் பார்ப்பது ஆயுதத்தை. சுடும் நிலையிலுள்ள பீரங்கி, குழல் விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டுவதால், 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகருவிச் சட்டமும் 1968ஆம் ஆண்டின் திருத்தமும் வரையறுக்கும் ‘அழிவுக் கருவி’ என்ற வகையில் சேர்கிறது. அது ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும்; கைமாறும்போது ஏடிஎஃப் என்னும் கூட்டாட்சி அமைப்பிடம் படிவம் 4 கொடுத்து, 200 டாலர் வரி கட்டி, ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒப்புதல் வருவதற்கு முன் டாங்கியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டு, தாள் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது கடுங்குற்றம். கால் அவுன்ஸ், அதாவது சுமார் 7 கிராமுக்கு மேல் வெடிமருந்து நிரப்பிய ஒவ்வொரு குண்டும் தனியே ஓர் அழிவுக் கருவி என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இயந்திரத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, 1986 மே 19க்கு முன் பதிவானவற்றை மட்டுமே தனிநபர் வைத்துக்கொள்ள முடியும். மற்றவர்கள் போலி வடிவங்களைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

என் பரிந்துரை, செயலிழக்கச் செய்த பீரங்கியுடன் கூடிய டாங்கியே. குழலும் அதன் பின்வாயை மூடும் பூட்டும் முறைப்படி வெட்டி அடைக்கப்பட்டிருந்தால், வெளித் தோற்றத்தில் எதுவும் குறையாது. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும்போதும் தாள் வேலை குறையும். முறைப்படி என்ற சொல்லே இங்கு முக்கியம்: குழலில் ஒரு துளை போட்டு அடைத்தது போதாமலிருக்கலாம் என்பதால், இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் படங்களைக் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதானால், கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே ஏடிஎஃப்பின் படிவம் 6 கையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் செயலிழக்கச் செய்த ஆயுதத்துக்குச் சான்றிதழ் கட்டாயம். அங்கே சாலையில் ஓட்டுவதற்கு, சங்கிலிப்பட்டையால் திரும்பும் வாகனங்களுக்குரிய எச் பிரிவு ஓட்டுநர் உரிமமும் தேவை.

கொட்டகை

கான்கிரீட் தரை, நல்ல கூரை, காற்று வாங்கும் சுவர்: இவ்வளவே தேவை. தார்ப்பாயைப் போர்த்தி வெளியே நிறுத்துவது போர்த்தாமல் நிறுத்துவதைவிடச் சில வேளை மோசமானது. அடியிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். முடிந்தால் ஈரம் நீக்கும் இயந்திரம் ஒன்றை வைத்து, காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கலாம். மூடிகளைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துவது, வரலாற்றுத் தூய்மையைச் சற்றே விட்டுக்கொடுத்தாலும், செய்தே ஆக வேண்டிய மாற்றம்.

எரிபொருளைக் குறித்தும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்5ஏ1இன் தொட்டிகள் ஏறத்தாழ 337 லிட்டர் பெட்ரோல் கொள்ளும்; அதைக் கொண்டு அது போவது 160 கிலோமீட்டர் அளவே. கிலோமீட்டருக்கு 2 லிட்டருக்கு மேல் ஆகிறது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதோடு பழைய ரப்பர் குழாய்களையும் கரைக்கக்கூடியது என்பதால், எல்லா எரிபொருள் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றிவிட வேண்டும். கிடைக்குமிடத்தில் எத்தனால் கலக்காத பெட்ரோலையே வாங்க வேண்டும். கசியும் பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; அது உடற்பகுதியின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ஜின் அறையைத் திறந்து மோந்து பார்ப்பதை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. தீயணைப்பானை வண்டிக்குள்ளே ஒன்று, வெளியே ஒன்று என வைக்க வேண்டும்.

ரேடியல் என்ஜினை ஸ்டார்ட் செய்தல்

எம்3ஏ1 வைத்திருப்பவர் வேறெதைக் கற்காவிட்டாலும் இதைக் கற்றாக வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ரேடியல் என்ஜினில், எண்ணெய் மெல்ல இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களின் எரியறையில் சேரும். பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தலாம். எண்ணெயை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் பிஸ்டன் எண்ணெயில் மோதிக் கனெக்டிங் ராடு வளையும். சில வேளை அன்றைக்கே ஒன்றும் தெரியாது. வளைந்த ராடு இன்னும் சில மணி நேரம் ஓடிவிட்டு, பிறகு என்ஜினையே உடைக்கும்.

ஆகவே முதலில் மின்பொறி சுவிட்சை அணைத்து வைத்து, பின்னாலிருந்து கைப்பிடியைச் செருகி, எல்லாச் சிலிண்டர்களும் பலமுறை அழுத்தத்தைக் கடந்துவரும் வரை நிதானமாகச் சுற்ற வேண்டும். எந்த இடத்திலாவது கைப்பிடி தடுத்து நின்றால், வலுவைக் கூட்டிச் சுற்றக் கூடாது. எதிர்த்திசையில் திருப்பவும் கூடாது, ஏனெனில் எண்ணெய் உறிஞ்சு குழாய்க்குள் ஏறி, ஸ்டார்ட் ஆனதும் மறுபடி சிலிண்டருக்குள் வந்து அதே கேட்டைச் செய்யும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெயை வடியவிட்டு, மீண்டும் பொருத்திய பிறகே தொடர வேண்டும். அரை மணி நேரம் போகும். போகட்டும்.

எம்5ஏ1இன் காடிலாக் என்ஜின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் எதிரி வெப்பம். இரண்டு என்ஜின்களும் குறுகிய அறையில் அடைபட்டிருப்பதால், கோடையில் நீண்ட நேரம் நின்ற இடத்தில் ஓடினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி என்ஜின் திணறும். ரேடியேட்டர்களையும் விசிறிப் பட்டைகளையும் ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எந்த என்ஜினானாலும், மாதாந்திர ஓட்டம் என்பது கொட்டகை வாசலில் பத்து நிமிடம் உறுமவிடுவதன்று. முழுச் சூட்டை எட்டாத என்ஜின் தன் எண்ணெயில் நீரைச் சேர்த்துக்கொள்கிறது. நகராத வண்டியின் கியர்பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் எண்ணெய் சுழல்வதில்லை. குறைந்தது அரை மணி நேரம் வண்டி நடக்க வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும், மேடேற வேண்டும்.

சங்கிலிப்பட்டையும் சக்கரங்களும்

பணமும் கவனமும் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ஸ்டூவர்ட்டின் பட்டை ரப்பர் கட்டைகளால் ஆனது. ஒவ்வொரு கட்டைக்குள்ளும் எஃகுக் கம்பிகள் ரப்பர் உறையில் அமர்ந்திருக்க, அவற்றின் முனைகளை இணைப்பான்கள் ஆப்புப் போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கின்றன. ரப்பர் இருப்பதால் தார்ச்சாலையைக் கிழிக்காமல் போகலாம். ரப்பர் என்பதால் வயதும் ஆகிறது. போர்க்காலத்திலேயே செய்யப்பட்டுக் கிடங்கிலிருந்து வந்த புதிய பட்டை என்று ஒருவர் விற்றால், அதன் வயது 80ஐத் தாண்டியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேற்பரப்பு பளபளப்பாக இருந்தாலும், உள்ளே எஃகிலிருந்து ரப்பர் பிரிந்திருந்தால், முதல் கடினமான திருப்பத்திலேயே கட்டை கட்டையாகக் கழன்று பறக்கும். கண்காட்சியில் சும்மா நிறுத்துவதற்கு அது போதும். ஓட்டுவதற்குப் புதிதாக ரப்பர் வார்த்த பட்டையே பாதுகாப்பானது. விலை கூடுதல்தான். வாங்கும் பேரத்திலேயே பட்டையின் நிலையைத் தனியாக மதிப்பிட்டு, மாற்ற வேண்டிய செலவை விலையிலிருந்து கழிக்கும்படி கேட்கலாம்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் நடந்து சென்று, ஆப்புப் போல்ட்டுகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். புதிதாகப் பட்டை மாட்டியபின் முதல் சில கிலோமீட்டர்களில் எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். தரையைத் தொட்டபடி பின்னால் உருளும் பெரிய சக்கரத்தை நகர்த்தித்தான் பட்டையின் இறுக்கம் சரிசெய்யப்படுகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பரும் தாங்கிகளும் விரைவில் தேயும்; தளரவிட்டால் திருப்பத்தில் பட்டை, அதை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டிலிருந்து கழன்றுவிடும். கழன்ற பட்டையை வயல் நடுவில் மீண்டும் ஏற்றுவது நான்கு பேருக்கு ஒரு நாள் வேலை.

திருப்பும் முறையும் பட்டையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஓட்டுநரின் இரு நெம்புகோல்களில் ஒன்றை இழுத்தால் அந்தப் பக்கப் பட்டை மெதுவாகி வண்டி அப்பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிற்கும். நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றித் திரும்பும் வசதி ஸ்டூவர்ட்டில் இல்லை. ஆகவே குறுகிய இடத்தில் வலிந்து திருப்பாமல், முன்னும் பின்னும் எடுத்து அகலமாகத் திருப்ப வேண்டும்.

கூண்டைக் கழற்றும் தேவையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். பாரந்தூக்கியும், எடையறிந்த கம்பிக் கயிறும், அனுபவமுள்ள ஒருவரும் இருந்தால் அது அச்சப்பட வேண்டிய வேலையன்று. 1948இல் காஷ்மீரின் சோஜி லா கணவாயை மீட்கச் சென்ற இந்தியப் படையின் 7ஆம் இலகு குதிரைப்படை, தன் ஸ்டூவர்ட் டாங்கிகளின் கூண்டுகளைக் கழற்றித் தனியே கொண்டுசென்று, மலையடியில் மீண்டும் பொருத்தியது. படையின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்கள் செப்பனிட்ட பாதையில் ஏறி, நவம்பர் 1 அன்று 3,500 மீட்டர் உயரத்தில் அவை போரிட்டன. பனியிலும் குளிரிலும் அவர்கள் செய்ததைக் கூரையின் கீழ் நிதானமாகச் செய்வதில் தடையேதும் இல்லை.

மக்கள் நடுவே

மூடிகளைத் திறந்து வைத்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவது முன்னால் உள்ள ஒரு துண்டு உலகம் மட்டுமே. வண்டி நகரும்போதெல்லாம் முன்னால் சற்றுத் தொலைவில் ஒருவர் கையசைத்து வழிகாட்டி நடக்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த நொடியே ஓட்டுநர் நிறுத்த வேண்டும். உடற்பகுதியின் முன்புறத்தில் யாரையும் உட்கார வைத்து ஓட்டக் கூடாது, புகைப்படத்துக்காகக் குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும். கனமான மூடிகள் பூட்டிக்கொண்டனவா என்று ஒவ்வொரு முறையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். டாங்கிகளால் நேரும் காயங்களில் விரல் நசுங்குவது மிகச் சாதாரணமானது. டிரெய்லரில் ஏற்றும்போது ஈரமான இரும்புச் சரிவில் ரப்பர் பட்டை வழுக்கும் என்பதால், மரப்பலகை விரித்து நேராக ஏற்ற வேண்டும். சரிவின்மேல் திருப்பவே கூடாது.

உங்களுக்குப் பிறகு

கலிஃபோர்னியாவில் உலகின் மிகப் பெரிய தனியார் டாங்கித் தொகுப்புகளுள் ஒன்றை உருவாக்கிய ஜாக் லிட்டில்ஃபீல்ட் 2009இல் காலமானார். 200க்கும் மேற்பட்ட வாகனங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 2013இல் காலிங்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது. 2014இல் அதில் பெரும்பகுதி ஏலத்தில் பிரிந்துபோனது. எஞ்சியவை மாசசூசெட்ஸில் ஓர் அருங்காட்சியகத்தின் அடிப்படையாயின. அவ்வளவு பெரிய தொகுப்புக்கே ஐந்து ஆண்டுகள் ஆயின என்றால், ஒற்றை டாங்கி வைத்திருப்பவரின் குடும்பத்தார் என்ன செய்வதென்று தெரியாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு கோப்பைத் தொடங்கி, வாங்கிய ரசீது, எண்களின் படங்கள், பீரங்கியின் சட்ட நிலை குறித்த ஆவணங்கள், ஒவ்வொரு பழுதும் அதைச் சரிசெய்த நாளும், எந்தப் பாகம் போர்க்காலத்தது, எது புதிதாகச் செய்தது என்ற பட்டியல், உதவக்கூடிய இரு நண்பர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை அதில் சேர்த்து வைக்க வேண்டும். டாங்கி யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலில் தெளிவாக எழுத வேண்டும். பதிவான பீரங்கி இருந்தால், சட்டப்படியான வாரிசு ஏடிஎஃப்பின் படிவம் 5 மூலம் வரியின்றி அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்; அந்தப் படிவம் இன்னதென்று ஒரு தாளில் எழுதி, கோப்பின் முதல் பக்கமாகவே வைத்துவிடுங்கள்.